பொன்னும் பாதரசமும்

(மங்கலம்பேட்டைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டறைக் குப்பையை நம்மவர் எவரும் வீணே எறிவதில்லை. அரத்தூளும் மெருகுத்தூளும் அதனுட் கலந்து கிடப்பதை அறிந்தே அரிப்புக்காரர் அதனை விலை கொடுத்து வாங்குகின்றனர். அக்குப்பையினின்று பொன்னைப் பிரிக்கும் பாதரச முறையைக் குறித்தே யாம் இன்று பேச எழுந்தோம்.

பாதரசம் பொன்னைத் தீண்டிய மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும்; மண்ணையும் கல்லையும் பற்றாது. முறை முழுவதும் இவ்வியல்பில் அடங்கும். இத்தாலி தேசத்துச் சியேனா நகரினரான பிரிங்குச்சியோ என்பார், 1540-இல் வெனிசு நகரில் அச்சான தம் உலோக நூலில் இதனை விளங்க உரைத்துள்ளார். அவர் நாணயசாலைக் குப்பையோடு பொற்கொல்லர் குப்பையையும் எடுத்துக் கூறுகின்றார். குப்பையைக் காடியும் உப்பும் முதலியன கூட்டி நனைத்து, திரிகைக்கல் சுழலும் தொட்டியிலிட்டு, இரசத்தை ஊற்றி, ஓரிரு மணிநேரம் அரைப்பர். பின்பு இரசத்தைப் பையிற் பிழிந்தோ வாலையில் வடித்தோ நீக்கப் பொன் எஞ்சும். இவ்விரகசியத்தைக் கற்பித்தவனுக்கு 25 துகாத்துப் பெறுமான வைரமோதிரம் அளித்ததோடு, வரும் இலாபத்தில் எட்டிலொரு பங்கு தரவும் உடன்பட்டதாக அவரே எழுதுகின்றார். தொழிலை மறைப்பவர் நாமே என்று பழிப்போர் இதனை அறிவாராக!

கோலாரில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கம் நடத்தியபோது கைக்கொண்டதும் இம்முறையே. கல்லை இயந்திர உலக்கைகளால் இடித்து, அச்சேற்றை இரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டனர். 1887-இல் கிளாஸ்கோவில் சயனைடு முறை பிறந்தபின், இரசம் பற்றாது விட்ட பொன்னையும் கரைத்தெடுக்க வழியாயிற்று. வட ஆற்காட்டுத் தமிழர் பலர் உழைத்த அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது.

இனி நம் உயிரைத் தொடும் விஷயத்திற்கு வருவோம். இரசம் 357 பாகை வெப்பத்திற் கொதித்து ஆவியாகும். பொன்னோ 1064 பாகையிற்றான் உருகும். ஆதலின் கலவையை நெருப்பிலிட்டால் இரசம் முன்னே அகன்றுவிடும். அகன்ற ஆவி எங்கே போகின்றது? ஊதுகுழலுடன் அடுப்பருகே குனிந்திருப்பவனது மூச்சிற் கலக்கின்றது. அவன் மனைவி மக்கள் உறங்கும் அறையிலும் பரவுகின்றது. அதற்கு நிறமில்லை, நாற்றமில்லை. ஈறு வீங்கும், நினைவு தடுமாறும், சிறுநீரகம் கெடும். கல் பதிக்கும் கை நடுங்கத் தொடங்கினால் பொற்கொல்லனுக்கு வேறு பிழைப்பேது? முலாம் பூசுவோர்க்கு இந்நடுக்கம் வருவதை ராமசினி என்னும் இத்தாலிய வைத்தியர் 1700-இலேயே எழுதிவிட்டார். நாம் அதனை நாட்பட்ட குளிர் என்றும் கண்ணேறு என்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

இரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டது. 2018-இல் இந்தியாவும் அதனை உறுதிசெய்தது. எனினும் சட்டம் நம் வீட்டு அடுப்பங்கரைவரை வந்து காவாது. குப்பையைத் தக்க சாதனமுள்ள சுத்திகரிப்பாலைக்கு அனுப்புதலே மேலானது. அது கூடாதவிடத்து, திறந்த மூசையில் எரிப்பதை இன்றே விட்டு, வீட்டுக்கு வெளியே இரும்பு வாலையில் வடித்தெடுக்க வேண்டும். குழாயைச் சுற்றி நனைந்த துணி இருத்தல் வேண்டும். ஆவி குளிர்ந்து மீண்டும் இரசமாய்ச் சொட்டும், பணமும் மிஞ்சும். குழாயின் நுனி மட்டும் கீழுள்ள நீரில் அமிழலாகாது. அமிழ்ந்தால், நெருப்புத் தணியும்போது நீர் மேலேறிச் சுடுகலத்துட் புகுந்து கலம் வெடித்துவிடும்.