கயல்விழி: ஒரு பெயரின் வேரும் பொருளும்

(பெயர்சூட்டு விழாவொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



இம்மகவுக்கு இன்று கயல்விழி எனப் பெயர் சூட்டப்பெறுகின்றது. “பாட்டியின் பெயர் மீனாட்சியாயிற்றே, அதனைக் கைவிடலாமா?” என்று உற்றார் சிலர் உளம் வருந்துகின்றனர். அவ்வருத்தம் புறந்தள்ளத் தக்கதன்று. பாட்டியின் பெயர் கைவிடப்பட்டதா, மீட்கப்பட்டதா என்பதே ஆய்தற்குரியது.

மீனாட்சி என்பது மீன், அட்சி என்னும் இருசொற் கூட்டு. அட்சி என்பது கண்ணைக் குறிக்கும் வடசொல். மீனோ தமிழ்ச்சொல். மின்னுவது மீன் எனப் பாவாணர் வேர் காட்டுவார். வானத்து மின்னும் உடுவும் நீரில் மின்னும் உயிரும் அப்பெயர் பெற்றமை காண்க. கன்னடம், தெலுங்கு, துளு முதல் வடக்கே மாலத்தோ வரை இச்சொல் வழங்குகின்றது. இருக்கு வேதத்தில் இவ்வுயிர்க்கு வழங்கும் பெயர் ‘மத்சியம்’ என்பதே. ‘மீனம்’ பின்னர்ப் புகுந்தது. அது திராவிடக் கடன் என்று பர்ரோ போன்ற மேலை அறிஞரும் கொண்டனர். ஆகவே, அப்பெயரிற் பாதி முன்னரே நம்முடையது!

மறுபாதியும் தமிழாய் நின்ற வடிவம் அங்கயற்கண்ணி. 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் ஆலவாய்ப் பதிகத்தில் இறைவியை இப்பெயராலேயே பாடினார். அப்பதிகம் போற்றும் பாண்டிமாதேவியின் பெயரும் மங்கையர்க்கரசி என்னும் தமிழ்ப்பெயரே. அம் என்பது அழகு. கயல் என்பது மீன்வகை. கண் என்பதனோடு இகரம் சேர்ந்து பெண்பாலாயிற்று. வல்லினம் வர, கயலின் லகரம் றகரமாய்த் திரிந்தது.

கயல்விழியில் அத்தகைய ஈறு இல்லை. ‘கயல் போன்ற விழி’ என்பது உவமைத்தொகை. அவ்விழியை உடையாளைக் குறிக்குங்கால் அன்மொழித்தொகை. சொல்லில் இல்லாத பெண், பொருளில் நிற்கின்றாள்!

ஏன் கயல்? நடு அகன்று இருபுறமும் கூர்த்த வடிவும், தெளிநீரிற் பிறழும் ஒளியும் கண்ணுக்கு ஒப்பாயின. தன் முட்டைகளை மீன் பார்வையாலேயே காப்பதுபோல் இறைவி உயிர்களைக் காக்கின்றாள் என்பது மரபினர் விளக்கம். பாண்டியர் கொடியிற் பறந்ததும் கயலே.

மீனாட்சி என்று அழைத்த முன்னோர்மீது குற்றமில்லை. அவர்க்குக் கிடைத்த வடிவம் அது. பேர்த்திக்குப் பாட்டியின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. பொருள் மாறவில்லை, மொழியே வீடு திரும்பிற்று. இனி, பிள்ளை தன் பெயரின் பொருளைப் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. அழைக்கும் குரலிலேயே அது விளங்கும்.

கயல்விழி வாழ்க! வளர்க தமிழ்!