மணி கோர்க்கக் கற்றுக்கொண்டேன்

(முன்னாள் மாணவியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "இந்த வருஷம் நீங்க பேசணும்" என்றார். "வேதியியலா?" என்று கேட்டேன். "அய்யோ, அது வேண்டாம். மணி மாலை செய்யக் கத்துக்கிட்டீங்களாமே, அதைச் சொல்லுங்க" என்றார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் நின்றவளுக்கு அந்த 'அய்யோ' கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. இருந்தாலும் வந்துவிட்டேன். வேதியியலையும் நடுவில் கொஞ்சம் கலந்துதான் கொடுப்பேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

1979 முதல் 1982 வரை இந்தக் கல்லூரியில் படித்தேன். 2019இல் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதற்கு முந்தின வருஷம் அம்மா காலமானார். அம்மா விட்டுப் போனதில் ஒரு பவளமாலை இருந்தது. மூன்று வடம். நாங்கள் மூன்று பெண்கள். ஆளுக்கு ஒரு வடம் என்றால் முடிந்தது கணக்கு என்று நினைப்பீர்கள். முடியவில்லை. உள் வடத்தில் 64 மணி, நடு வடத்தில் 71, வெளி வடத்தில் 77. வெளி வடத்து மணிகள்தான் பெரியவை. "மூத்தவளுக்குப் பெரியது" என்றாள் அக்கா. "வித்துப் பணமாப் பிரிச்சுக்கலாம்" என்றாள் தங்கை. ஒரு நகைக்கடையில் கேட்டோம். மாலையைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை, தங்கக் கொக்கிக்கு மட்டும் எடை போட்டுச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மாலை என் பீரோவுக்கு வந்தது. அக்காவும் தங்கையும் பேசிக் கொள்வதை நிறுத்தினார்கள். நடுவில் நான்.

சரி, நானே பிரித்து நானே கோர்த்துத் தருகிறேன் என்று தீர்மானித்தேன். ஆனால் அம்மாவின் பவளத்தில் கை வைத்துப் பழக முடியுமா? முதலில் மலிவான கண்ணாடி மணியில் பழக வேண்டும். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

ஆள் எங்கள் தெருவிலேயே இருந்தாள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண்தான். வீட்டிலேயே மாலையும் ஜிமிக்கியும் செய்து விற்கிறாள். நான் போய் நின்றதும், ஒரு பழைய அறுந்த மாலையை என் கையில் கொடுத்தாள். "டீச்சர், முதல்ல இதை அவிழுங்க. எங்கே அறுந்திருக்குன்னு பாருங்க" என்றாள். பார்த்தேன். கொக்கிக்குப் பக்கத்தில். "அடுத்ததையும் பாருங்க." அதுவும் அங்கேதான். அன்று ஐந்து மாலை அவிழ்த்தேன். நான்கு கொக்கிப் பக்கம் போயிருந்தது. ஒன்று மட்டும் நடுவில், ஒரு மணியின் துளை ஓரம் கூராக இருந்து நூலை அறுத்திருந்தது. முதல் நாள் பாடம் அவ்வளவுதான், ஒரு மணிகூடக் கோர்க்கவில்லை. எனக்குப் பயிற்சிக் கல்லூரியில் யாரும் இப்படி ஒரு பாடத் திட்டம் சொல்லித் தரவில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் மணியின் அழகைப் பார்த்துக் கடைக்குப் போகிறார்கள். நிறம் நிறமாக வாங்கிக் குவிக்கிறார்கள். மாலையின் ஆயுள் அதன் இரண்டு முனைகளில்தான் இருக்கிறது. அதனால் முனையைக் கட்டுவதை முதலில் சொல்கிறேன்.

கடையில் கியர் வயர் என்று கேட்டால் தருவார்கள். மயிரிழை போன்ற எஃகுக் கம்பிகளை முறுக்கி, மேலே பிளாஸ்டிக் பூசியது. அதனோடு கியர் லாக் என்று கடுகளவு உலோகக் குழல் வரும். வயரைக் குழலுக்குள் விட்டு, கொக்கியின் வளையத்தில் நுழைத்து, மறுபடி அதே குழலுக்குள் திருப்பி விட்டு, பிளையரால் நசுக்க வேண்டும். உள்ளே இரண்டு வயரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏறி இருந்தால் நசுக்கும்போது ஒன்று மற்றதை வெட்டிவிடும். மிச்ச வாலை உடனே நறுக்கிவிடாமல், இரண்டு மூன்று மணிகளுக்குள் திருப்பிச் செருகிவிட்டு அப்புறம் நறுக்குங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள். பயப்படாமல் இழுங்கள். உங்கள் கையில் அறுந்தால் நஷ்டம் பத்து நிமிஷம். கல்யாண மண்டபத்தில் அறுந்தால் மணியைத் தேடிக்கொண்டு நாலு பேர் தரையில் தவழ வேண்டும்.

இறுக்கம் என்று ஒன்று இருக்கிறது. பூத் தொடுத்துப் பழகிய கைக்கு இறுக்குவதுதான் நல்லது என்று தோன்றும். மணிக்கு அது ஆகாது. கடைசிக் கியர் லாக்கை நசுக்குவதற்கு முன் மாலையை வட்டமாக வளைத்துப் பாருங்கள். விறைத்துக்கொண்டு நின்றால் கொஞ்சம் தளர்த்துங்கள். மணிக்கு மணி நகர இடம் இருந்தால்தான் கழுத்தில் படியும்.

சின்ன வளையங்கள், ஜம்ப் ரிங் என்பார்கள், அவற்றைத் திறப்பதிலும் ஒரு முறை உண்டு. வாயைப் பிளப்பது போல இரண்டு பக்கமும் அகட்டக் கூடாது, வட்டம் கெட்டு மறுபடி சேராது. இரண்டு பிளையரால் இரு முனைகளைப் பிடித்து, ஒன்றை நம் பக்கமும் மற்றதை எதிர்ப் பக்கமும் திருப்ப வேண்டும். மூடுவதும் அப்படியே.

மணியின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டி மணிகளுக்குக் கடையில் எண் சொல்வார்கள். எண் கூடக் கூட மணி சிறுக்கும். பதினொன்றாம் எண் சுமார் 2 மில்லிமீட்டர், எட்டாம் எண் 3, ஆறாம் எண் 4. ஆரம்பத்தில் இவற்றின் பக்கமே போகாதீர்கள். 6 அல்லது 8 மில்லிமீட்டர் உருண்டைக் கண்ணாடி மணி வாங்குங்கள். 6 மில்லிமீட்டர் மணி என்றால் 15 அங்குலத்துக்கு 63 பிடிக்கும். எவர்சில்வர் தட்டில் கொட்டினால் உருண்டு ஓடும், பழைய துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் கொட்டுங்கள். மீன் பிடிக்கிற நைலான் நரம்பில் கோர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கோர்க்கலாம், மலிவு. ஆனால் முடிச்சு வழுக்கும், நாளானால் விறைத்து ஒடியும்.

நான்கு மாதம் இப்படிப் பழகினேன். கட்டணம் கொடுத்தேன். அவள் வாங்க மறுத்தாள். "டீச்சர்கிட்ட எப்படி?" என்றாள். "நான் சம்பளம் வாங்கித்தானேம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்றதும் சிரித்துவிட்டு வாங்கிக் கொண்டாள்.

அதற்கப்புறம்தான் பவளத்தை எடுத்தேன். அழுக்கேறிய மணிகள். யாரோ எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறப் போடச் சொன்னார்கள். இங்கேதான் நம் ஆய்வுக்கூடம் வருகிறது. உப்புப் பகுப்பாய்வில் கார்பனேட்டுக்கு என்ன சோதனை, சொல்லுங்க பார்க்கலாம்! நீர்த்த அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். பவளம் கால்சியம் கார்பனேட், முத்தும் அதுவே. எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் அதன்மேல் படக் கூடாது. வாசனைத் திரவியமும் வேண்டாம். வெறும் தண்ணீரில் துளி மிருதுவான சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவு போதும்.

அந்தச் சிவப்பு மணிகள் நம் கடலில் விளைந்தவையாக இருக்க வாய்ப்புக் குறைவு. நகைக்கான செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து லண்டன் வழியாகச் சென்னைக்குக் கப்பலில் பவளம் வந்தது, பதிலுக்கு இங்கிருந்து வைரம் போனது. சென்னை மண்ணடியில் இன்றும் பவளக்காரத் தெரு இருக்கிறது. கண்ணாடி மணியில் நிலைமை தலைகீழ். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சூட்டில் முனை மழுக்கிய குட்டி மணிகள் அங்கே செய்யப்பட்டன. அந்த வகை மணிகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா, ஜப்பான் வரை கிடைத்திருக்கின்றன. பீட்டர் பிரான்சிஸ் என்ற ஆய்வாளர் அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். திருப்பதி வட்டாரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அதே இழுப்பு முறை 20ஆம் நூற்றாண்டின் கடைசி வரை பிழைத்திருந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். வரலாற்றுத் துறைத் தங்கைகள் தேடிப் படிக்கலாம்.

பவளத்துக்குத் திரும்புகிறேன். 212 மணிகளையும் துண்டின்மேல் அளவு வாரியாகப் பரப்பினேன். பெரியது மூன்றானால் ஆளுக்கு ஒன்று, அடுத்த அளவு மூன்றானால் ஆளுக்கு ஒன்று, இப்படியே பிரித்ததில் ஆளுக்கு எழுபது வந்தது. பெரியவை நடுவிலும் சிறியவை ஓரங்களிலுமாக வரிசைப்படுத்தி, பட்டு நூலில், ஒவ்வொரு மணிக்கும் நடுவே ஒரு முடிச்சுப் போட்டுக் கோர்த்தேன். முடிச்சு எதற்கென்றால், மணியோடு மணி உரசாது. நூல் அறுந்தாலும் ஒரு மணிதான் விழும். மாலை நீளத்தைப் போல மூன்று மடங்கு நூல் எடுத்துக் கொள்ளுங்கள். நூல் நுனியில் கொஞ்சம் பசை தடவிக் காய வைத்தால் ஊசி இல்லாமலே நுழையும். முடிச்சை மணியோடு ஒட்டிக் கொண்டு போவதுதான் கஷ்டம். முடிச்சு இறுகுவதற்கு முன் அதற்குள் ஒரு ஊசியை விட்டு, மணி வரைக்கும் தள்ளிக் கொண்டுபோய், பிறகு ஊசியை உருவ வேண்டும். ஒரு மாலைக்கு மூன்று சாயங்காலம் ஆனது. முடிச்சோடு சேர்த்துப் பதினாறு அங்குலத்துக்குச் சற்று மேலே வந்தது.

அக்காவிடம் அவள் மாலையைக் கொடுத்தபோது, எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மறு வாரம் தங்கை வீட்டுக்குப் போனேன், அவளும் எண்ணினாள்! பொங்கலுக்கு மூன்று பேரும் போட்டுக் கொண்டோம். பேச்சு முன்போல ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். சமையல் குறிப்பு வரைக்கும் பேசுகிறார்கள். மிச்சம் இரண்டு மணி, அவை யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை, என் டப்பாவில் இருக்கின்றன.

விற்க நினைக்கும் தங்கைகளுக்கு ஒரு கணக்கு. மணி, வயர், கொக்கி எல்லாம் சேர்த்து 140 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து செய்து 200 ரூபாய்க்குக் கொடுத்தால், உங்கள் கூலி மணிக்கு இருபது ரூபாய். அதற்குள் பஸ் கட்டணம் வேறு. "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், நேரத்தை நோட்டில் எழுதி வையுங்கள். திருச்சிக்குப் பக்கத்துத் தேவராயநேரியில் நரிக்குறவர் குடும்பங்கள் தலைமுறையாக மணி கோர்க்கிறார்கள். பஸ் நிலையத்தில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவிடம் ஒரு மாலையை வாங்கி அதன் முனையைத் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு வேகமாகக் கட்டியிருந்தாலும் முடிச்சு சுத்தமாக இருக்கும். ஒரு மாலையாவது சொந்தமாகக் கோர்த்தவர்கள் அவரிடம் பாதி விலைக்குக் கேட்க மாட்டார்கள்.

நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு வேதியியல் துறை வராந்தாவில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். கண்ணாடி மணியும் வயரும் வேண்டிய அளவு இருக்கிறது, பிளையர் நாலு ஜோடிதான், அதனால் நாலு நாலு பேராக வாருங்கள். அவிழ்க்கப் பழைய மாலைகளும் கொண்டு வந்திருக்கிறேன். என் வகுப்புத் தோழிகள் மறக்காமல் மூக்குக் கண்ணாடியோடு வரவும்.