அவள் கதையைச் சொல்பவர் யார்?

(சங்க ஆண்டு விழாவில் எம் படிப்பு வட்டத்தின் சார்பில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இவ்விழாவில் யாம் பயின்ற நூல்களைப் பற்றிச் சில கூறுவது வழக்கம். சென்ற ஆண்டு கம்பனைப் பற்றிப் பேசினோம், கைதட்டி மகிழ்ந்தீர்கள். இவ்வாண்டு, பெண்ணைக் காதலிக்கும் பெண்களைப் பற்றிய நூல்கள் என்றதும், நிர்வாகக் குழுவில் இரண்டொருவர் புருவம் நெரித்தனர். குடும்பங்கள் கூடும் அவையாயிற்றே என்றனர். அதனாலேயே இங்கு பேச விழைந்தோம்.

முதற்கண் எம் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடையொன்றில் விஜய் தெண்டுல்கரின் ‘மித்ராச்சி கோஷ்ட’ என்னும் மராத்தி நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு எமக்குக் கிட்டியது. 1981-இல் மேடையேறிய நாடகம். ஆங்கிலத்தில் ஆக்கியவர் கௌரி ராம்நாராயண். சுமித்ரா என்னும் கல்லூரி மாணவி நமா என்னும் பெண்ணை விரும்புகிறாள், சுற்றியுள்ளோர் தூற்றுகின்றனர், இறுதியில் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறாள். நம் கையெழுத்து இதழுக்கு இதனைப் பற்றி ஒரு மதிப்புரை வரைந்தோம். இத்தகைய நெறி இத்தகைய முடிவுக்கே இட்டுச் செல்லும் என்று அதில் ஒரு வாக்கியம். பெரியதோர் உண்மையைக் கண்டுரைத்துவிட்டதாக எமக்குப் பெருமிதம் வேறு!

இதழைப் படித்த நம் காலனிப் பெண்ணொருத்தி, எம்முள் மூத்தவரிடம் வந்து கேட்டாள்: “மாமா, மித்ரா இறந்தது அவள் காதலித்ததனாலா, ஊர் விரட்டியதனாலா, அல்லது ஆசிரியர் அப்படி எழுதியதனாலா? நீங்கள் மதிப்புரை எழுதினீர்களா, தீர்ப்பு எழுதினீர்களா?”

விடை சொல்ல எமக்கு நா எழவில்லை. அப்பெண் ஏன் கேட்டாள் என்று யாம் வினவவில்லை, வினவுவதும் முறையன்று.

மீண்டும் நாடகத்தைப் படித்தோம். முன்பு கண்ணிற் படாதது ஒன்று இப்போது பட்டது. கதையைச் சொல்பவள் மித்ரா அல்லள். அவளுடைய தோழன் பாபு. நல்லவன்தான், அவள்பால் இரக்கமுள்ளவன்தான். எனினும், அவன் கண்ட அளவே நாம் அவளைக் காண்கிறோம். அவள் தனித்திருந்த இரவுகளை யார் அறிவார்?

இக்கண்ணோடு இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ சிறுகதையை எடுத்தோம். லிஹாஃப் என்றால், இவ்வூர் வழக்கில் ரஜாய். 1942-இல் உருது இதழொன்றில் வெளிவந்த இக்கதைக்காக லாகூர் நீதிமன்றத்தில் ஆபாச வழக்குத் தொடுக்கப்பட்டது. கைக்குழந்தைக்காரியான ஆசிரியைக்குப் பம்பாயிலேதான் அழைப்பாணை வந்து சேர்ந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்று அறிவுரைத்தவர் பலர். அவர் கேட்கவில்லை. கதையில் ஆபாசமான சொல் எது எனக் கேட்கப்பட்டபோது சாட்சிகள் தடுமாறினர். ஒருவர் ‘காதலர்’ என்ற பொருள்படும் சொல்லைக் காட்டினாராம். வழக்கு நிற்கவில்லை. ஆயினும் அக்கதையின் பெயரே அம்மையாருக்குப் பட்டப்பெயராய் ஒட்டிக்கொண்டு, பிற நூல்களை மறைத்துவிட்டது. மதிப்புரையாளர் நூலை விடுத்து ஆளைப் பார்த்ததன் விளைவு அது.

நம் வினாவுக்கு வருவோம். அக்கதையில் பேகம் ஜானின் வாழ்வைச் சொல்வது யார்? ஒரு சிறுமி. இருட்டில், சுவரில் யானை போல் அசையும் நிழலைக் கண்டு நடுங்கும் சிறுமி. கணவனால் புறக்கணிக்கப்பட்டு, பணிப்பெண்ணின் அணைப்பில் உயிர் தளிர்த்த பேகம் தன் வாயால் தன் நெஞ்சைத் திறப்பதில்லை. சிறுமியின் அச்சம் கதையின் அழகு. அதுவே கதையின் எல்லையும் ஆகும். இங்கு எமக்குள் கருத்து வேற்றுமை உண்டு. அவ்வச்சத்தினால் பேகம் ஏதோ பூதம் போலாகிவிட்டாள் என்பார் ஒருவர். அக்காலத்தில் வேறெவ்வாறு எழுதியிருக்க இயலும் என்பார் மற்றொருவர்.

மலையாளத்தில் கமலா தாஸ் 1988-இல் எழுதிய ‘சந்தன மரங்கள்’ ஒரு படி முன் செல்கிறது. இரு தோழியர், மணவாழ்க்கை, பிரிவு, முதுமை வரினும் அடங்காத ஏக்கம். இவற்றை அப்பெண்களுள் ஒருத்தியே சொல்கிறாள்.

1998 டிசம்பரில், தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ திரைப்படம் ஓடிய அரங்குகள் இந்நகரிலேயே தாக்கப்பட்டதை மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். மறு ஆண்டிலேயே அஸ்வினி சுக்தங்கர் தொகுத்த ‘ஃபேசிங் த மிரர்’ வெளிவந்தது. இந்தியப் பெண்கள் பலர் தத்தம் கதையைத் தாமே எழுதிய நூல். பலர் தம் உண்மைப் பெயரை இடவில்லை. எல்லாக் கட்டுரைகளும் ஒரே தரத்தன என்று சொல்லமாட்டோம். சில அவசரத்தில் எழுதியவை போலுள்ளன. ஆனால் அங்கே மித்ராக்கள் தாமே பேசுகின்றனர். சமைக்கின்றனர், வாடகை வீடு தேடுகின்றனர், சண்டையிட்டுச் சமாதானமாகின்றனர். சாவதற்கென்றே அவர்கள் படைக்கப்படவில்லை.

தமிழிலோ இவ்வரிசை நூல்கள் மிகக் குறைவு. கண்ணியமான சொல் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. மதுரையினின்று சென்னைக்கு அடைக்கலம் தேடி வந்த இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் ஆணை பிறப்பித்தார். தமக்கு இப்பொருளில் போதிய தெளிவில்லை என வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் பாடங்கேட்ட பின்னரே அவ்வாணையை எழுதினார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாடு அரசு உரிய தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழிலே வெளியிட்டது. நீதியரசரே பாடங்கேட்டிருக்க, யாம் ஒரே வாசிப்பில் தீர்ப்பெழுதிவிட்டோம்!

ஆகவே அம்மதிப்புரையைத் திரும்ப எழுதினோம். முன்னைய வாக்கியத்தை நீக்கி, பாபுவின் கண்ணைப் பற்றி இரண்டு பக்கம் சேர்த்தோம். அதை அச்சிடுமுன் அந்தப் பெண்ணிடமே படிக்கக் கொடுத்தோம். நேற்று மாலை செம்பூர் நிலையத்தில் எம்மைக் கண்டு திருப்பித் தந்தாள். மூன்று இடங்களில் பென்சிலால் கோடிட்டிருக்கிறாள். ஓரிடத்தில் ‘இன்னும் தீர்ப்புத்தான்’ என்று குறித்திருக்கிறாள். திருத்தியதும் சங்க நூலகத்தில் நாடகத்தோடு சேர்த்து வைப்போம்.