ஆரம்ப வகுப்பிலேயே தொடங்க வேண்டிய பாடம்

(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஆரம்பப் பிரிவில் ஆசிரியைகளாயிருந்த பழைய மாணவிகள் சார்பில் பேசுகிறோம். "உடம்பு, உறவு, பாதுகாப்பு என்பதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு ரீச்சர்?" என்று பெற்றோர் கேட்பார்கள். அதற்குப் பதில் வன்னியிலேயே இருக்கிறது.

2009 இன் பின், மெனிக் பாம் முகாமிலிருந்து சனம் மீளக் குடியமர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வளவுகளிலும் வயற்கரைகளிலும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கே மிதிவெடி பற்றிப் படிப்பித்தோம். கிட்டப் போகாதே, தொடாதே, பெரியவர்களிடம் சொல் என்று படம் காட்டியும் நடித்தும் சொல்லிக்கொடுத்தோம். "பிள்ளையைப் பயப்படுத்தாதீர்கள்" என்று ஒரு தாயும் எங்களிடம் வரவில்லை. கண்டதைச் சொன்ன பிள்ளையை "பொய் சொல்லாதே" என்று யாரும் அதட்டவுமில்லை.

உடம்பின் பாதுகாப்பும் அதே பாடந்தான். ஆனால் இங்கே சிவப்புப் பலகை கிடையாது. ஆபத்து பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்த ஆளிடமிருந்தே வருகிறது. ஆகவே "தெரியாத ஆளோடு போகாதே" என்பது மட்டும் போதாது. தன் உடம்பின் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளை, நடந்ததை எப்படிச் சொல்லும்?

ஆரம்பப் பிரிவின் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் குடும்பமும் சுத்தமும் உணவும் உண்டு. சுகாதாரமும் உடற்கல்வியும் தனிப்பாடமாக வருவது ஆறாந் தரத்தில். ஆனால் சில பிள்ளைகள் ஐந்தாந் தரத்திலேயே பெரியபிள்ளையாகி விடுகிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்த எங்கள் வகுப்பிலும் ஒருத்தி, காயம் பட்டுவிட்டதென்று நினைத்து வாங்கை விட்டு எழும்பாமல் அழுதாள். சாமத்தியவீட்டுக்கு ஊரே கூடியது. அதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல எங்கள் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அது எங்கள் பிழை. 2024 இல் சுகாதாரத் துவாய் வாங்க மாணவிகளுக்கு அரசு வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. வவுச்சரைக் கையில் கொடுத்தால் போதாது. அதைப் பற்றிப் பேசவும் வேண்டும்.

அதன் பிறகு நாங்கள் தாய்மாரிடமிருந்தே தொடங்கினோம். குடும்பநல உத்தியோகத்தரை அழைத்து, என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்பதை முதலில் அவர்களுக்கு விளக்கினோம். பிறகு ஆண்பிள்ளைகளையும் சேர்த்து வகுப்பில் பேசினோம். "வேண்டாம் என்று சொல். அந்த இடத்தை விட்டு வா. நம்பிக்கையான ஒருவரிடம் சொல். அவர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் சொல்." இவ்வளவுந்தான் பாடம்.

ஒருநாள், அப்படிச் சொல்லக்கூடிய ஐந்து பேரை விரல் மடக்கி எண்ணச் சொன்னோம். சில பிள்ளைகள் கடகடவென்று ஐந்தையும் மடக்கினார்கள். ஒரு பிள்ளை அம்மம்மாவுக்கு ஒரு விரலை மடக்கிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தகப்பன் இல்லை, தாய் வெளிநாட்டில் வேலை. "ரண்டாவது விரலுக்கு ரீச்சரை வையுங்கோ" என்றோம். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை தினமும் எங்கள் மேசையருகே வந்து இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகும்.

அன்பான தங்கைமாரே, நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் கட்டுவோம், நல்லது. அதோடு இன்னுமொன்று கேட்கிறோம். ஊரில் உள்ளவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு விரலாக இருங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள், விருப்பமில்லாமல் ஒதுங்கும் பிள்ளையை "மாமாவைக் கொஞ்சு" என்று தள்ளாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி எதையாவது சொல்ல வந்தால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள்.