சைமன் வைத்த பெயர்



நான் பள்ளியில் இரசாயனம் கற்பித்த நாளில், எட்வர்டு சைமன் என்பாரின் கதையை ஒரு தவற்றுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். சொல்லி, வகுப்பைச் சிரிக்க வைத்ததும் உண்டு. அது முறையன்று என இன்று கருதுகிறேன். அதன் காரணத்தையே இப்பொழுது கூற விழைகிறேன்.

சைமன் பெர்லின் நகரத்து மருந்து வணிகர். 1839ஆம் ஆண்டில் ஸ்டோராக்ஸ் என்னும் மரப்பிசினைக் காய்ச்சி வடித்து, எண்ணெய் போன்ற தெளிந்த திரவம் ஒன்றைப் பெற்றார். இன்று நாம் ஸ்டைரீன் என்பது அதுவே. நாளடைவில் அது பாகுபோல் கெட்டியாயிற்று. காற்றிலுள்ள பிராணவாயு சேர்ந்ததன் விளைவு எனக் கொண்டு, அதற்கு ஸ்டைரால் ஆக்சைடு எனப் பெயரிட்டார். ஆளிவிதை எண்ணெய் கலந்த வர்ணம் கதவில் இறுகுவது பிராணவாயுவினால்தானே! அவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் 1845இல் பிளைத், ஹாப்மன் என்னும் இருவர், பிராணவாயு இன்றியும் இம்மாற்றம் நிகழ்வதைக் காட்டினர். கெட்டியான பொருளின் இயைபும் பழைய திரவத்தின் இயைபும் ஒன்றே. சிறு மூலக்கூறுகள் கைகோத்து நெடுஞ்சங்கிலியாகும் பலபடியாதல் அது. வகுப்பில் என் கதை இங்கே முடிந்துவிடும்.

பிராணவாயு உண்மையிலேயே உடனிருந்தால் யாது நிகழும்? இதனை நான் கேட்டதுமில்லை, கேட்கத் தூண்டியதுமில்லை. வளரும் சங்கிலியின் நுனியில் துணையற்ற எலக்ட்ரான் ஒன்று உண்டு. அந்நுனி ஸ்டைரீனைப் பற்றும் வேகத்தினும் பிராணவாயுவைப் பற்றும் வேகம் இலட்சம் மடங்குக்கு மேற்பட்டது. ஆதலின், திரவத்தில் மிகச் சிறிதளவே கரைந்திருப்பினும் பிராணவாயுவே முந்திக்கொள்கிறது. பிராணவாயு ஏறிய நுனியோ சோம்பல் மிக்கது. அடுத்த ஸ்டைரீனை மெல்லவே பற்றும். கிணற்றடியில் குடம் கைமாற்றும் இருவருள் ஒருவர் சுறுசுறுப்பானவர், மற்றவர் மந்தமானவர் எனில், தொட்டி நிரம்பும் வேகம் மந்தமானவர் கையில் அல்லவா இருக்கிறது? எனவே, பிராணவாயு போதிய அளவு உள்ளவரை, அதன் அழுத்தத்தை மேலும் கூட்டினாலும் வினை விரைவதில்லை. 1950களில் அமெரிக்க அறிஞர் பிராங்க் மேயோ இதனை விரிவாக ஆராய்ந்தார்.

இவ்வாறு விளையும் சங்கிலியில் ஸ்டைரீனும் பிராணவாயுவும் மாறி மாறி நிற்கும். பாலிபெராக்சைடு என்பது அதன் பெயர். சைமனின் சொல் அவருடைய குப்பிக்குப் பொருந்தவில்லை. ஆயினும் பிராணவாயு சேர்ந்த ஸ்டைரீன் சங்கிலி என்று ஒன்று உலகில் இருக்கத்தான் செய்கிறது! அதன் பிணைப்பு வலுவற்றது. சூடேறினால் பென்சால்டிஹைடாகவும் ஃபார்மால்டிஹைடாகவும் சிதைந்து, மிகுந்த வெப்பத்தை வெளிவிடும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கிஷோர், முகுந்தன் ஆகியோர், இது தானே எரியவல்ல எரிபொருள் என 1986இல் எழுதினர்.

இனி, தொழிற்சாலைக்கு வருவோம். ஸ்டைரீனைச் சேமிக்கையில் டெர்ஷியரி பியூட்டைல் கேட்டகால் என்னும் தடுப்பானைப் பத்து இலட்சம் பங்குக்கு 10 முதல் 15 பங்கு வரை சேர்ப்பர். அத்தடுப்பான் பிடித்து நிறுத்துவது, பிராணவாயு ஏறிய அந்தச் சோம்பல் நுனியையே. ஆகவே, திரவத்தில் சிறிது பிராணவாயு கரைந்திருந்தால்தான் தடுப்பான் பயன்படும். அது தீர்ந்துபோனால் பலபடியாதலுக்குத் தடையில்லை. 104 கிராம் ஸ்டைரீன் பலபடியாகையில் ஏறத்தாழ 17 கிலோகலோரி வெப்பம் பிறக்கிறது. வெப்பம் வினையை விரைவாக்கும். விரைந்த வினை வெப்பத்தை மேலும் பெருக்கும்.

2020ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் விடியற்காலையில், விசாகப்பட்டினத்துத் தொழிற்சாலை ஒன்றில் நேர்ந்தது இதுவே. ஊரடங்குக் காலத்தில் தொட்டியில் தேங்கி நின்ற ஸ்டைரீன் தானாகவே பலபடியாகிச் சூடேற, அதன் ஆவி உறங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் பரவிற்று. 12 பேர் மாண்டனர். தடுப்பான் போதிய அளவில் இல்லை. வெப்பமானி தொட்டியின் அடிப்பகுதிச் சூட்டையே காட்டிற்று. மேற்பகுதி கொதித்ததை எவரும் அறிந்திலர். கரைந்துள்ள பிராணவாயுவை அளந்து பார்க்கும் வழக்கமும் அங்கே இருக்கவில்லை.