மொட்டை மாடியில் ஒரு அடீனியம்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம்., தோட்டக்கலை அல்ல. செயலாளர் பத்து நிமிடம் பேசச் சொன்னார், வந்துவிட்டேன்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என் அடீனியத்தைப் பார்த்து, "இது எத்தனை வருஷத்து மரம் சார்?" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். 2011-இல் வாங்கியது. உயரம் இரண்டடிகூட இல்லை. ஆனாலும் பழைய கோயில் ஆலமரம் போலத் தெரிகிறது என்றால், அதற்குக் காரணம் அதன் வேர்தான்.

அடீனியம் ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தது. நம் அரளிக்கு உறவு. மழையில்லாத மாதங்களுக்காக அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். அதனால் வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். விதையில் முளைத்த செடிக்குத்தான் அடி நன்றாக உருண்டு பருக்கும். வெட்டி நட்ட கிளைக்கு அந்த உருவம் எளிதில் வராது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி மார்ச்சில், செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணைக் கழுவிவிடுவேன். கீழ்நோக்கிப் போகும் மெல்லிய வேர்களை வெட்டிவிட்டு, பக்கவாட்டில் ஓடும் தடித்த வேர்களை மட்டும் விடுவேன். வெட்டிய இடம் காய, நிழலில் ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். பயப்படாதீர்கள், சாகாது. பிறகு அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில், வேருக்கு அடியில் ஒரு பழைய சி.டி.யோ ஓட்டுத் துண்டோ வைத்து, வேர்களை விரித்து நடுங்கள். முன்பு இருந்ததைவிட ஓர் அங்குலம் மேலே தூக்கி நடவேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம், அவ்வளவுதான். ரெக்கரிங் டெபாசிட் மாதிரி, அவசரப்பட்டால் கிடைக்காது. நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். புதிதாக வெளியே தெரியும் வேரின் தோல் மென்மையானது, நேர் வெயிலில் வெந்துவிடும். சில வாரம் அரை நிழலில் வையுங்கள்.

மண்ணில் பாதிக்கு மேல் கரடான மணலும் உடைத்த செங்கல்லும் இருக்கட்டும். கிளைகளை வெட்டினால், வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று துளிர்கள் வரும். பூவும் புதுத் துளிரின் நுனியில்தான் வரும். கிளையை வளைக்கக் கம்பி சுற்றினால் தண்டு பருத்து தழும்பு விழுகிறது. நான் நூலால் தொட்டி விளிம்போடு இழுத்துக் கட்டிவிடுகிறேன்.

இப்போது என் தவறைச் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாங்கள் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தோம். கிளம்பும் முன் தொட்டியை நிழற்கூரைக்குள் தள்ளி வைத்திருக்க வேண்டும். சோம்பல். திரும்பி வந்து கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு பக்கம் பழுத்த சப்போட்டா மாதிரி உள்ளே போனது. லேசாகச் சுருங்கியிருந்தால் தாகம், தண்ணீர் ஊற்றலாம். கொழகொழவென்றால் அழுகல். என் மனைவி, "தூக்கிப் போடுங்க, வேற வாங்கிக்கலாம்" என்றாள். எனக்கு மனம் வரவில்லை. கத்தியை நெருப்பில் காட்டி, வெள்ளையான நல்ல சதை தெரியும்வரை சுரண்டினேன். அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பூஞ்சைக்கொல்லித் தூள் தடவி, மூன்று வாரம் மண்ணில்லாமல் அலமாரி மேல் கிடந்தது. தினமும் போய்ப் பார்ப்பேன், பேரனைப் பார்ப்பது போல. மார்ச்சில் ஒரு துளிர் வந்தது. நீங்கள் எல்லோரும் போட்டோ எடுக்கும் அந்தப் பொந்து, அப்போது சுரண்டிய இடம்தான்.

ஒரு எச்சரிக்கை. இதன் சாறு விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், குழந்தைகளையும் பூனைகளையும் தள்ளி வையுங்கள்.

மாடியில் தொட்டி வைப்பவர்கள் செங்கல் மேல் வையுங்கள், மழைநீர்க் குழாய் வாயை அடைக்காதீர்கள். கீழே மூன்றாவது மாடிக்காரர்களின் கூரை அது. அடுத்த மழைக்காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள், உங்கள் தொட்டியையும் நான் உள்ளே தள்ளி வைக்கிறேன். இந்த வருடம் காய் பிடித்திருக்கிறது. விதை வேண்டுபவர்கள் ஞாயிறு காலை மாடிக்கு வரலாம்.