நண்பகற் சோற்றின் விலை

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எரிபொருட் பஞ்சத்தால் இலங்கை அரசாங்க ஊழியர் பலர் வீட்டிலிருந்தே கடமையாற்றுமாறு பணிக்கப்பட்டனர். அந்நாள்களில் ஒரே பானைச் சோறு குடும்பத்தவர் யாவருக்கும் போதியதாயிற்று. மீண்டும் கந்தோருக்குத் திரும்பியபோதோ, பஸ் கட்டணத்தோடு சோற்றுப் பார்சலின் விலையும் அவர்களை எதிர்கொண்டது.

அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அஃதாவது, ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா வேண்டியதாயிற்று. சம்பளமோ அவ்வாறு இரட்டிக்கவில்லை. 2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவ்வீதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிற்று. ஆனால், வீதம் இறங்குதல் வேறு. விலை இறங்குதல் வேறு. விலை ஏறும் வேகமே தணிந்தது. ஏறிய விலை பெரும்பாலும் ஏறியபடியே நின்றது.

வீட்டிலிருந்து சோறு கட்டிச் செல்லலாமே என்பர். சிக்கனந்தான். ஆயினும், அதற்காக வைகறையில் எழுந்து அடுப்பு மூட்டும் பெண்ணின் உறக்கம் எக்கணக்கிலும் எழுதப்படுவதில்லை. அவளும் உத்தியோகம் பார்ப்பவளாயின் சுமை இரட்டிக்கும். தேநீரும் பணிசுமாக நண்பகலைக் கழிப்பவரின் பசியும் எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

நண்பகலுணவு ஊழியரின் ஆடம்பரமன்று. பிற்பகல் வேலைக்கு அதுவே முதல். கந்தோர்தோறும் நியாய விலைச் சிற்றுண்டிச்சாலை ஒன்று செவ்வனே நடைபெறுமாயின், அதன் பயன் ஊழியருக்கு மாத்திரமன்று, அவரை நாடி வரும் பொதுமக்களுக்கும் உரியதாகும்.